முள் காட்டாத திசை

நான்காம் படிவ இயற்பியலில் இரண்டாம் பாடம், விசையும் இயக்கமும். லாஜு, ஹலாஜு என்று மலாயில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் இலக்கணத்தைத் தடங்கலில்லாமல் ஒப்பிப்பார்கள்: வேகத்துக்குத் திசை கிடையாது, திசைவேகத்துக்கு உண்டு. கணக்கு என்று வரும்போதுதான் முகம் மாறும். ஒருவன் வீட்டிலிருந்து கடைக்குப் போய் வீட்டுக்கே திரும்புகிறான். அவனுடைய சராசரித் திசைவேகம் என்ன? விடை சுழியம். "பெட்ரோல் தீர்ந்துச்சே சார், அப்புறம் எப்படி கோசோங் வரும்?" என்று டியூஷனில் ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்விதான். பெட்ரோல் ஓடிய தொலைவுக்குத் தீர்கிறது. திசைவேகமோ ஓடிய தொலைவைப் பார்ப்பதே இல்லை. கிளம்பிய இடம் எது, சேர்ந்த இடம் எது, இடையில் எவ்வளவு நேரம் ஆயிற்று, அவ்வளவுதான் அதற்கு வேண்டும்.

கோல சிலாங்கூர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லப் படம் வரைய வேண்டியதில்லை. ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கம் சமநிலத்துச் செம்பனைத் தோட்டங்களில் பாதைகள் கட்டம் கட்டமாகவே போகும். குறுக்கே புகுந்து போக முடியாது. கால்வாய் இருக்கும், வெட்டிப் போட்ட மட்டை முள்ளோடு கிடக்கும். லயத்திலிருந்து கிழக்கே 3 கிலோமீட்டர் போய், அங்கிருந்து வடக்கே 4 கிலோமீட்டர் போனால் பெரிய சாலை என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரில் கால் மணி நேரம். ஓடியது 7 கிலோமீட்டர், ஆகவே சராசரி வேகம் மணிக்கு 28. ஆனால் பருந்து பறக்கிற கணக்கில் இடப்பெயர்ச்சி 5 கிலோமீட்டர்தான். திசைவேகம் மணிக்கு 20 கிலோமீட்டர், வடக்கிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 37 பாகை சாய்ந்து. ஒரே பயணம், ஒரே மோட்டார், இரண்டு விடை. பிதாகரஸ் தேற்றமும் இங்கே செலவில்லாமல் கிடைக்கிறது.

வண்டியிலிருக்கும் மீட்டர் முதல் கணக்கை மட்டும்தான் அறியும். லாரியை ரிவர்சில் எடுத்தாலும் முள் மேலேதான் ஏறும். பள்ளி ஆய்வுக்கூடத்து டிக்கர் டைமரும் அதற்கு அண்ணன்தான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 50 புள்ளி குத்தும். புள்ளிக்குப் புள்ளி 0.02 நொடி. நெருங்கிக் கிடந்தால் தள்ளுவண்டி மெதுவாக ஓடியது, விலகிக் கிடந்தால் விரைந்தது. அந்த நாடாவைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். எந்த முனை வண்டியில் ஒட்டியிருந்தது என்று யாராவது குறித்து வைத்திருந்தாலொழிய, வண்டி வேகம் கூடிப் போனதா குறைந்து நின்றதா என்றுகூடச் சொல்ல முடியாது. முனையில் ஓர் அம்புக்குறி போடச் சொன்னால் பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். போடச் சொல்லத்தான் வேண்டும்.

எதிர்க்குறி எதற்கு என்று புரியவைக்க எனக்குத் தெரிந்த நல்ல இடம் சிலாங்கூர் ஆறு. கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் படகேறும் வெளியூர்க்காரர்கள் பெரெம்பாங் மரங்களை அண்ணாந்து பார்ப்பார்கள். இயற்பியல் படிக்கிறவன் கீழே தண்ணீரைப் பார்க்கலாம். மலாக்கா நீரிணையில் கடல் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்குகிறது, ஆற்றின் கீழ்ப்பகுதி அதற்குக் கட்டுப்பட்டது. கடலை நோக்கிப் போகும் ஒரு நீப்பா மட்டை மெல்ல மெல்லத் தளரும், ஒரு கட்டத்தில் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், பிறகு வந்த வழியே மேலே ஏறத் தொடங்கும். கடல் பக்கத்தை நேர்க்குறி என்று வைத்தால், மட்டையின் திசைவேகம் குறைந்து, சுழியத்தைக் கடந்து, எதிர்க்குறிக்குள் போய்விட்டது. வேகம் என்கிற எண்ணோ சுழியத்துக்குக் கீழே இறங்கவே இறங்காது.

துடுப்புப் படகு நிலைநீரில் மணிக்கு 5 கிலோமீட்டர் போகும், ஆற்றோட்டம் 3 என்று வைப்போம். ஓட்டத்தோடு 8, எதிர்த்தால் 2. நான்கு கிலோமீட்டர் போக அரைமணி, திரும்ப இரண்டு மணி. எட்டையும் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி ஐந்து என்று சொல்வதில்தான் பெரியவர்களும் விழுகிறார்கள். எட்டுக் கிலோமீட்டருக்கு இரண்டரை மணி. சராசரி வேகம் 3.2. துறைக்கே திரும்பிவிட்டதால் சராசரித் திசைவேகம், அந்தப் பையன் சொன்ன கோசோங்.

இது வரைக்கும் தாளில் தீர்ந்துபோகிற விஷயம். சாலையில் தீராது. வேகம் மாறாமலே திசை மட்டும் மாறினாலும் திசைவேகம் மாறிவிட்டது என்றுதான் பொருள். அதை மாற்ற ஒரு விசை வேண்டும். செம்பனைக் குலை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போவது நல்லது, தாமதித்தால் எண்ணெயில் அமிலம் கூடும். ஆக, லாரிக்கு எப்போதும் அவசரம். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 40-ல் திரும்பினால், லாரியின் எடையில் கால் பங்கு அளவு பக்கவாட்டு விசையை டயரும் சாலையும் சேர்ந்து கொடுக்க வேண்டும். 60-ல் திரும்பினால் அது எடையில் பாதியையும் தாண்டிவிடும். வேகம் ஒன்றரை மடங்குதான், விசை இரண்டேகால் மடங்கு. மழையில் நனைந்த செம்மண் பாதை அவ்வளவு பிடி கொடுக்காது. தார்ச்சாலை பிடி கொடுத்தாலும், குலையைக் குவித்த லாரிக்கு எடை உயரத்தில் இருப்பதால் கவிழும். "ஸ்பீடு போகல, அதே ஸ்பீடுலதான் வளைச்சேன்" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. சிக்கலே அந்த "அதே"யில்தான்.

இந்த விசைக் கணக்கு மூன்றாம் பாடமான ஈர்ப்பில், கோள்களோடும் செயற்கைக்கோள்களோடும் வருகிறது. நிலாவுக்குப் போட்டுப் பார்க்கிற பிள்ளை தன் மோட்டாருக்கும் போட்டுப் பார்ப்பதில்லை. நான்காம் படிவ மாணவனுக்கு வயது 16. மோட்டார் லைசன்ஸ் எடுக்கலாம் என்று சட்டம் சொல்லும் வயதும் அதுவே. ஆசிரியர்களே, பெற்றோர்களே, சாவியைக் கையில் கொடுக்குமுன் அந்த வளைவுக் கணக்கை ஒரு தடவை அவனையே போடச் சொல்லுங்கள்.