படிக்க விட்டிருந்தா

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு 'இஃப் கிளாஸ்' மறக்காது. மூன்று வகை: நடக்கக்கூடியது, நடக்க வாய்ப்புக் குறைந்தது, இனி நடக்கவே முடியாதது. முதலாவதில் 'வில்', இரண்டாவதில் 'வுட்', மூன்றாவதில் 'வுட் ஹேவ்'. சூத்திரம் தெரிந்தால் மதிப்பெண் நிச்சயம். ஆனால் நம் வீட்டில் யார் எந்த வகையைப் பேசுகிறார்கள் என்று எந்தத் தேர்விலும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டில் அப்பா முதல் வகை. "மழை பெஞ்சா விதைக்கலாம்." அம்மாவும் ஆச்சியும் மூன்றாம் வகை. "நான் மட்டும் பத்தாவது முடிச்சிருந்தா..." "இவ பையனாப் பொறந்திருந்தா..." அந்த வாக்கியங்கள் முடிந்ததே இல்லை. அதற்குள் உலை கொதித்துவிடும், எழுந்து போய்விடுவார்கள்.

செண்பகத்தோப்புக்குப் போகும் சாலையில், தோழி ஒருத்தியின் வீட்டுத் திண்ணையில் ஞாயிறுதோறும் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகளில் வேலை பார்த்தவர்கள். நிபந்தனை வாக்கியம் அவர்களுக்குப் புதிதல்ல. 'சுமங்கலித் திட்டம்' என்று தமிழகப் பஞ்சாலைகளில் பதின்வயதுப் பெண்களுக்குச் சொல்லப்பட்டதே ஒரு முதல் வகை வாக்கியம்தான்: மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால், கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும். உடம்புக்கு முடியாமல் இடையில் வீடு திரும்பிய பலருக்கு அது மூன்றாம் வகையாகிப் போனது. "இன்னும் நாலு மாசம் தாக்குப்பிடிச்சிருந்தா..."

மூன்றாம் வகை நடத்திய அன்று, ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னேன். ஒரு பெண் எழுதினாள்: 'இஃப் ஐ ஹேட் ஸ்டடீட், ஐ வுட் ஹேவ் பிகம் எ நர்ஸ்.' இலக்கணம் சரி. ஆனால் எழுதுவதற்கு முன் அவள் வாய்விட்டுச் சொன்னது வேறு: "என்னையப் படிக்க விட்டிருந்தா நர்ஸ் ஆயிருப்பேன்."

'படிச்சிருந்தா' வேறு, 'படிக்க விட்டிருந்தா' வேறு. முன்னதில் குறை அவளுடையது. பின்னதில் வாசலில் யாரோ கையைக் குறுக்கே நீட்டி நிற்கிறார்கள். தமிழில் அந்த யாரோவைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். எழுவாய் மறைந்திருந்தாலும் கேட்பவருக்குப் புரியும், யார் மனமும் நோகாது. ஆங்கிலம் அந்த இடத்தைக் காலியாக விடாது. 'ஹேட் லெட்' என்று எழுதினால் முன்னால் ஒரு ஆள் வந்தே ஆக வேண்டும்.

"யாரு விடல?" என்று கேட்டேன்.

"எங்கப்பாவ எப்படி டீச்சர் எழுதுறது?" என்றாள். கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்தாள். "அவரு மட்டும் இல்ல. எட்டாவதுக்கு மேல படிக்க டவுனுக்குப் போகணும். சாயங்காலம் திரும்பிவர பஸ் கிடையாது." அந்த நோட்டில் ஒரு வாக்கியம் மூன்றானது. ஒன்றில் அப்பா, ஒன்றில் பஸ், ஒன்றில் ஊர்வாய். ஆயுசுக்கும் தன் தலையெழுத்து என்று நினைத்திருந்ததற்கு எழுவாய்கள் கிடைத்தன.

இந்த ஊர்க்காரிதான் ஆண்டாளும். நாச்சியார் திருமொழியின் முதல் பத்திலேயே அவள் ஒரு நிபந்தனை வைக்கிறாள்: தன்னை மனிதன் ஒருவனுக்குக் கொடுக்கும் பேச்சு வந்தாலே உயிரோடு இருக்கப்போவதில்லை என்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் வைத்த நிபந்தனை. எனக்கு அதில் பெருமையும் உண்டு, வருத்தமும் உண்டு. பணயமாக வைக்க அவள் கையில் இருந்தது தன் உயிர் மட்டும்தான்.

எங்கள் திண்ணையில் இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. யாராவது "மட்டும் இருந்தா" என்று இழுத்தால், மற்றவர்கள் சேர்ந்து "யாரு?" என்கிறார்கள். சில சமயம் சிரிப்பு வரும், சில சமயம் அழுகை. போன வாரம் ஒருத்தி, பஞ்சாயத்துக்குக் கொடுக்க மாலை நேரப் பஸ் கேட்டு ஒரு மனு எழுதிக்கொண்டு வந்தாள். தமிழில்தான். முதல் வகை வாக்கியம்: பஸ் விட்டால் எங்கள் பிள்ளைகள் படிப்பார்கள்.

கல்லூரியில் படிக்கிறவர்கள் அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது, அம்மா பாதியில் விட்ட வாக்கியத்தைக் கேட்டு வாங்குங்கள். அடுப்பை நீங்கள் பார்த்துக்கொண்டால் அவர் முடிப்பார்.