பிழைச்செய்தியின் முதல் வரி

ஆய்வுக்கூடங்களில் ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் பட்டம் பெற்று விடைபெறுகிறார். அவர் எழுதிய நிரல் மட்டும் அங்கேயே தங்கிவிடுகிறது. அது ஓடிக்கொண்டிருக்கும் வரை எவரும் அதைப் பற்றி நினைப்பதில்லை. அதில் ஒரு வரியை மாற்ற வேண்டிய நாள் வரும்போதுதான், இயங்கும் கோப்பு கையில் இருந்தும் அதை மீண்டும் உருவாக்கும் வழி நம்மிடம் இல்லை என்பது தெரியவருகிறது. கணினித் துறைக்கு வெளியிலிருந்து வந்து கருவிகளோடு பணியாற்றும் ஆய்வு மாணவர்களுக்குப் பயன்படும் என்று கருதி, இவ்வாண்டு எங்கள் கூடத்தில் நடந்ததை இங்கே பதிவுசெய்கிறேன்.

அசாமில் நான் ஆய்வு செய்யும் குழு, பிரம்மபுத்திராவின் துணையாறு ஒன்றின் பாலத்தில் நீர்மட்டமானி ஒன்றை நிறுவியிருக்கிறது. அதை இயக்குவது ஒரு பீகிள்போன் பிளாக் போர்டு: 1 கிகாஹெர்ட்ஸ் ஏஆர்எம் செயலி, 512 மெகாபைட் நினைவகம், டெபியன் 11 இயங்குதளம். கேமரா படத்திலிருந்து நீர்மட்டத்தைக் கணிக்கும் பகுதி, கலங்கல் நீர் வந்தபோது அளவுகோலைத் தவறாகப் படித்தது. வெள்ளக் காலத்துக்கு முன் அதைத் திருத்த வேண்டும். இப்பொறுப்பை ஏற்றவர் நீரியல் படித்துவிட்டு வந்த இரண்டாமாண்டு ஆய்வு மாணவி. வழிமுறையை அவர் செம்மையாகவே மாற்றி எழுதினார். மடிக்கணினியில் அது நன்றாக ஓடியது. போர்டுக்காகத் தொகுக்கும் இடத்தில்தான் மூன்று வாரங்கள் முடங்கிப்போனார்.

“தாதா, இது எனக்கு வராது போலிருக்கிறது. தலைப்பையே மாற்றிக்கொள்ளலாமா என்று வழிகாட்டியிடம் கேட்கப் போகிறேன்” என்றார் ஒருநாள். (இங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள், நம்மூர் நண்பர்கள் வேறு பொருள் கொள்ள வேண்டாம்.)

இத்தனை குறைந்த நினைவகமுள்ள போர்டில் பெரிய நிரலைத் தொகுப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆகவே இன்டெல் செயலியுள்ள மடிக்கணினியிலேயே ஏஆர்எம் செயலிக்கான கோப்பை உருவாக்குகிறோம். இதுவே குறுக்குத் தொகுப்பு. நிரலைத் தனித்தனித் துண்டுகளாகத் தொகுத்த பின், அவற்றை நூலகங்களோடு சேர்த்துக் கட்டும் வேலை லிங்கருடையது. சிக்கல்கள் பெரும்பாலும் அங்கேதான் எழுகின்றன.

அவருக்குக் கிடைத்த பிழைச்செய்தியின் கடைசி வரி, ஓப்பன்சிவி நூலகம் கிடைக்கவில்லை என்றது. தேடியபோது கிடைத்த அறிவுரைகள் எல்லாம் நூலகத்தை மீண்டும் நிறுவச் சொல்லின. அவரும் நிறுவினார், பிழை மாறவில்லை. அந்தச் செய்தியின் முதல் வரியோ, பொருந்தாத கோப்பு என்பதால் அதைத் தவிர்ப்பதாகச் சொல்லியிருந்தது. அதாவது, லிங்கர் ஒரு நூலகத்தைக் கண்டிருக்கிறது. அது இன்டெல் செயலிக்கானது என்பதால் விலக்கியிருக்கிறது. ‘ஃபைல்’ என்ற கட்டளையை அந்த நூலகக் கோப்பின் மீது ஏவியதும் இது உறுதியாயிற்று. மடிக்கணினியில் எத்தனை முறை நிறுவினாலும் வருவது அதே இன்டெல் நூலகம்தானே! போர்டிலுள்ள நூலகங்களையும் தலைப்புக் கோப்புகளையும் ஒரு கோப்பகத்தில் படியெடுத்து, அதையே ‘சிஸ்ரூட்’ என்று கம்பைலருக்குக் காட்டினோம். நூலகங்களின் இருப்பிடத்தைச் சொல்லும் ‘பிகேஜி-கான்ஃபிக்’ கருவிக்கும் அதே கோப்பகத்தைச் சுட்டினோம். இதை விட்டுவிட்டால் அக்கருவி மீண்டும் மடிக்கணினியின் நூலகங்களுக்கே வழிகாட்டும்.

அடுத்து வேறொரு நூலகம் கிடைக்கவில்லை என்ற செய்தி வந்தது. கோப்பகத்தில் அதன் பெயர் கண்ணுக்குத் தெரிந்தது, லிங்கருக்கோ கிடைக்கவில்லை. அந்தப் பெயர் ஒரு குறியீட்டு இணைப்பு. டெபியனில் இத்தகைய இணைப்புகள் சில முழுமுகவரியைக் கொண்டவை. போர்டில் இருந்தவரை அம்முகவரி சரியானது. படியெடுத்த பின் அது மடிக்கணினியின் சொந்தக் கோப்பகத்தைச் சுட்டியது. அங்கே அப்படியொரு கோப்பு இல்லை. அவ்விணைப்புகளைச் சார்புமுகவரிகளாக மாற்றியதும் நிரல் உருவாயிற்று.

போர்டில் ஏற்றியபோது மூன்றாவது தடை. ஜிலிப்சி 2.34 இல்லை என்று நிரல் தொடங்கும் முன்பே நின்றது. ஜிலிப்சி என்பது லினக்ஸ் நிரல்கள் ஏறக்குறைய எல்லாமே சார்ந்திருக்கும் அடிப்படை நூலகம். 2021 ஆகஸ்டில் வெளியான 2.34 பதிப்பில், நிரலைத் தொடங்கிவைக்கும் செயற்கூறுக்குப் புதிய பதிப்புக்குறி இடப்பட்டது. அதனால் அதன்மேல் கட்டப்படும் மிகச்சிறிய நிரலும் பழைய கணினிகளில் ஓட மறுக்கும். டெபியன் 11 தருவது 2.31. எங்கள் மடிக்கணினியிலிருந்த உபுண்டு 22.04 தருவது 2.35; அதன் குறுக்குக் கம்பைலர் தன்னோடு வந்த அந்தப் புதிய நூலகத்தையே பயன்படுத்தியிருந்தது. போர்டில் ஜிலிப்சியைப் புதுப்பித்துவிடலாம் என்றார் ஒரு நண்பர். அதிலுள்ள எல்லாமே அதை நம்பியிருக்கையில், பாலத்தின் மேலிருக்கும் கருவியில் அதைத் தொடுவது அறிவுடைமை அன்று. டாக்கரில் டெபியன் 11 சூழலை அமைத்து, அதற்குரிய குறுக்குக் கம்பைலரைக் கொண்டு மீண்டும் கட்டினோம். உருவான கோப்பு எந்தப் பதிப்பைக் கோருகிறது என்பதை ‘ரீட்எல்ஃப்’ கருவியால் முன்கூட்டியே பார்த்துக்கொண்டோம். இம்முறை ஓடியது.

மே இறுதியில் கருவி பாலத்துக்குத் திரும்பியது. தலைப்பை மாற்றும் பேச்சு அதன்பின் எழவில்லை. ஆனால் அந்த மூன்று வாரங்கள் என்னை உறுத்துகின்றன. ஆய்வேட்டை மதிப்பிடுவோர் கணிப்பின் துல்லியத்தைக் கேட்பார்கள். லிங்கரோடு போராடிய நாள்களுக்கு அங்கே இடமில்லை. தன் அறிவே போதாது என்று ஒருவர் முடிவுகட்டும் அளவுக்கு அவரை வருத்தியவை ஒரு தவறான கோப்பகம், சில இணைப்புகள், ஒரு பதிப்பு எண். இவற்றை முன்னவர் எவரேனும் அரைப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தால் அரைநாளில் முடிந்திருக்கும்.

அந்த அரைப் பக்கத்தை இப்போது அம்மாணவியே எழுதியிருக்கிறார். கம்பைலரின் பதிப்பு, போர்டின் இயங்குதளப் பதிப்பு, சிஸ்ரூட்டின் முழுப்படி, டாக்கர் கோப்பு ஆகிய நான்கும் நிரலோடு ஒரே இடத்தில் இருக்கின்றன. பட்டம் பெற்றுச் செல்லவிருக்கும் நண்பர்கள் இந்த நான்கையும் விட்டுச் செல்லுங்கள். வழிகாட்டிகளாக உள்ள பேராசிரியர்கள், ஆய்வேட்டில் கையொப்பமிடும் முன் அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.