பழைய மாளிகை புகட்டிய பாடம்

நியூயோர்க் நகருக்குச் சென்றோர் எம்பயர் ஸ்டேட் மாளிகையைக் காணாது திரும்புதல் அரிது. நாமும் அங்ஙனம் திரும்பவில்லை. அந்நகரில் எந்திரியாகப் பணிபுரியும் எம் மனைவியின் தம்பி எமக்கு வழிகாட்டியாக வந்தார்.

1931 ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி திறக்கப்பெற்ற அம்மாளிகை 102 மாடிகளை உடையது. 86 ஆம் மாடியிலுள்ள காட்சி மேடையில் நின்றபோது, ஒருபுறம் ஹட்சன் நதியும் மறுபுறம் கிழக்காறும் வெள்ளிக் கோடுகளெனத் தோன்றின. மெய்ம்மறந்து நின்ற எம்மை மைத்துனர் விடவில்லை. "அத்தான், தூரத்தைப் பார்த்தது போதும். கீழே இறங்கி யன்னல்களைப் பாருங்கள்" என்றார். யன்னல் பார்க்கவா கடல் கடந்து வந்தோம் என்று எண்ணியவாறே இறங்கினோம்.

ஐந்தாம் அவெனியூவில் நின்று யன்னல்களை எண்ணத் தொடங்கினோம். கழுத்து நொந்ததேயன்றி எண்ணி முடிந்தபாடில்லை. மொத்தம் 6,514 என்று அவரே கூறி, அவற்றின் வரலாற்றையும் விரித்துரைத்தார்.

இம்மாளிகையின் எரிபொருள், மின்சாரச் செலவைக் குறைக்கும் திட்டம் 2009 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. உரிமையாளரின் முகாமையாளரும் எந்திரிகளும் ரொக்கி மவுண்டன் நிறுவக அறிஞரும் ஒருங்கிருந்து அறுபதுக்கு மேற்பட்ட யோசனைகளை ஆராய்ந்து, எட்டினைத் தேர்ந்தெடுத்தனர். யன்னற் கண்ணாடிகளை எறிந்துவிட்டுப் புதியன வாங்கவில்லை. ஐந்தாம் மாடியிலேயே ஒரு பட்டறை அமைத்து, அவற்றைக் கழற்றித் துப்புரவாக்கி, இரட்டைக் கண்ணாடிகளின் நடுவே மெல்லிய படலமொன்றைப் பொருத்தி, வெப்பத்தை எளிதிற் கடத்தாத வாயுவை நிரப்பி மீண்டும் பூட்டினர். மாரியில் உள்வெப்பம் வெளியேறாது. கோடையில் வெளிவெப்பம் உட்புகாது. அறைகளைச் சூடாக்கும் நீராவிக் கலங்களின் பின்னே, வெப்பம் வெளிச்சுவருக்கு வீணாகப் போகாதவாறு தடுப்புகளையும் வைத்தனர்.

இனித்தான் கதையின் சாரம். மாளிகையைக் குளிர்விக்கும் பொறிகளை அகற்றிப் பெரியனவற்றை வாங்கும் எண்ணம் முன்பு இருந்தது. யன்னல் முதலியவற்றைத் திருத்தினாற் குளிரூட்டும் தேவையே ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறையுமெனக் கணக்கிட்டதும், பழைய பொறிகளைச் செப்பனிடுவதே போதுமென முடிவாயிற்று. யன்னலுக்குச் செலவிட்ட பணம் பொறியில் மிஞ்சியது! யன்னற்காரரும் பொறிக்காரரும் தனித்தனியே வேலை செய்திருப்பின் இந்த இலாபம் எவர் கண்ணிலும் பட்டிராது. 132 இலட்சம் டொலர் மேலதிகச் செலவில், ஆண்டுதோறும் 44 இலட்சம் டொலர் மீதமாகும். சக்திச் செலவு நூற்றுக்கு 38 வீதம் குறையும் என்பது அவர்களின் மதிப்பீடு. போட்ட முதல் மூன்றாண்டில் மீண்டுவிடும்.

இதைக் கேட்டு நாம் மகிழ்ந்ததிலும் நாணியதே அதிகம். எமது கல்லூரியின் பழைய மண்டபத்துக்குப் பெரிய குளிரூட்டிகள் வாங்கவேண்டுமென்று பழைய மாணவரிடம் நிதி கேட்டு எழுதிய விண்ணப்பத்தில், பயணம் புறப்படுமுன் கையொப்பமிட்டவருள் நாமும் ஒருவர். அம்மண்டபத்தின் கூரை தகரம். மேற்கு யன்னல்களுக்கு நிழலில்லை. கூரையடியில் வெப்பக்காற்று வெளியேற வழியுமில்லை. இவற்றில் ஒன்றையேனும் நாம் நோக்கினோமில்லை. குளிரூட்டிகள் வந்திருப்பின், மாதந்தோறும் பிள்ளைகளின் வசதிக் கட்டணம் தகரத்தைக் குளிர்விப்பதிலேயே கரைந்திருக்கும்.

நியூயோர்க்கின் மருந்தை அப்படியே விழுங்குதல் தகாது. அங்கே பனியும் பகை; இங்கே உச்சி வெயிலே பெரும் பகை. ஆயின் முறை ஒன்றே: முதலிலே தேவையைக் குறைத்தல், அதன்பின் பொறியை அளந்து வாங்குதல்.

அன்றிரவே அதிபருக்குக் கடிதம் எழுதினோம். விண்ணப்பத்தைச் சிறிது நிறுத்திவைத்து, எந்திரி, மேசன், தச்சர், மின்வேலையாளர் ஆகியோரை ஒரே நாளில் மண்டபத்துக்கு அழைக்குமாறு வேண்டினோம். கூரையின் உட்புறத்துக்கு வெப்பத்தடுப்பும் மேற்கு யன்னல்களுக்கு நிழற்பலகையும் இடுவதற்கு என்ன செலவாகும் என்பதே அவர்களிடம் கேட்கவேண்டிய முதற் கேள்வி. கையொப்பத்தை மீளப் பெறுவது ஆசிரியனுக்கு இழுக்கென்பாரும் உளர். தவறான விடையை அழித்துத் திருத்துமாறு நாள்தோறும் மாணவரைப் பணிக்கும் நாம், அதை எங்ஙனம் இழுக்கென்போம்?