விளக்கும் நெய்யும்

பெ. தூரன் மொழிபெயர்ப்பில் 'கானகத்தின் குரல்' நாவலைப் பள்ளிப் பருவத்தில் படித்தவன் நான். ஆகவே, சென்ற கோடை விடுமுறையில் கலிஃபோர்னியாவிலுள்ள தம்பி வீட்டிற்குப் போயிருந்தபோது, ஜாக் லண்டன் வாழ்ந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே காரில் ஒன்றரை மணி நேரம். திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த க்ளென் எல்லன் என்ற சிற்றூர். அதற்கு மேலே மலைச்சரிவில் ஏறத்தாழ 1,400 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது ஜாக் லண்டன் மாநில வரலாற்றுப் பூங்கா.

1905 முதல் இங்கே சிறிது சிறிதாக நிலம் வாங்கி உழவராக வாழ முனைந்தவர் லண்டன். கல்லாலும் செம்மரத்தாலும் அவர் கட்டிய 'ஓநாய் இல்லம்' குடிபுகுவதற்கு முன்பே, 1913 ஆகஸ்டில், ஓர் இரவில் எரிந்துபோனது. அதன் கற்சுவர்கள் மட்டும் இன்றும் நிற்கின்றன. 1916 நவம்பரில் தம் நாற்பதாவது வயதில் அவர் மறைந்தார். அதன்பின் அவருடைய மனைவி சார்மியன் அங்கே கட்டிக்கொண்ட கல்வீடுதான் இப்போது அருங்காட்சியகமாகவும் பார்வையாளர் மையமாகவும் இருக்கிறது. லண்டனின் நினைவிடமாக அது விளங்க வேண்டும் என்பது 1955இல் மறைந்த அந்த அம்மையாரின் விருப்பம்.

தென்கடல் பயணத்தில் இருவரும் சேர்த்த பொருள்களைவிட என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தவை, பத்திரிகைகள் அவருடைய கதைகளைத் திருப்பி அனுப்பியபோது எழுதிய கடிதங்கள்தாம். சிற்றிதழ்களுக்குப் படைப்பு அனுப்பிவிட்டுத் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்ற எவரும் அவற்றின் முன் சற்று நேரம் நிற்காமல் நகர முடியாது.

வெளியே வரும் வழியில் ஓர் உண்டியல் இருந்தது. அருகே எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார், தன்னார்வலர் என்ற அட்டையைச் சட்டையில் குத்தியபடி அமர்ந்திருந்தார். "இது அரசின் பூங்காதானே, உண்டியல் எதற்கு?" என்று கேட்டேன். "நிலம் அரசுடையது. கதவைத் திறந்து வைத்திருப்பது நாங்கள்" என்றார். பிறகு அவர் சொன்ன கதையைத் தம்பி வீட்டிற்குத் திரும்பியதும் செய்திகளைத் தேடிச் சரிபார்த்துக்கொண்டேன்.

2011 மே மாதம், நிதி நெருக்கடியிலிருந்த கலிஃபோர்னியா அரசு தன்னுடைய 278 பூங்காக்களில் 70ஐ அடுத்த ஆண்டு ஜூலைக்குள் மூடப்போவதாக அறிவித்தது. ஆண்டுக்கு 2 கோடியே 20 லட்சம் டாலர் மிச்சம் பிடிப்பதே நோக்கம். ஜாக் லண்டன் பூங்காவும் அந்தப் பட்டியலில் இருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் வந்த ஒரு சட்டம், லாபநோக்கற்ற அமைப்புகள் 20 பூங்காக்கள் வரை ஏற்று நடத்த வழி செய்தது. அதன்கீழ் முதலாவதாக முன்வந்து 2012 மே மாதத்தில் இந்தப் பூங்காவை ஏற்றுக்கொண்டது உள்ளூர் அமைப்பு ஒன்று. அதுவரை அரசுப் பணியாளர்களுக்கு உதவியாக இருந்தவர்கள் ஒரே நாளில் முழுப் பொறுப்பாளர்களானார்கள். பழைய மது ஆலையின் இடிபாடுகளுக்கிடையே பல கோடைக்காலங்கள் இசை நிகழ்ச்சிகள் நடந்தன. சீட்டுப் பணத்தில் ஒரு பங்கு பூங்காவுக்கு வந்தது. நுழைவுக் கட்டணம், உறுப்பினர் சந்தா, நன்கொடை என்று காசு காசாகச் சேர்த்தார்கள்.

இரண்டே மாதங்களில் இடி விழுந்தது. மாநிலப் பூங்காத் துறையின் கணக்குகளில் சுமார் 5 கோடியே 40 லட்சம் டாலர் காட்டப்படாமலே கிடந்தது 2012 ஜூலையில் வெளிப்பட்டது. துறையின் இயக்குநர் பதவி விலகினார். பணமில்லை என்ற சொல்லை நம்பிக் கொடுத்தவர்கள் கொதித்துப்போனார்கள். பின்னர் சட்டமன்றம் இரண்டாண்டுகளுக்குப் பூங்காக்களை மூடத் தடைவிதித்து, மக்கள் திரட்டிய தொகைக்கு ஈடாகக் கொடுக்கவும் நிதி ஒதுக்கியது. ஆயினும் உடைந்த நம்பிக்கை அத்தனை எளிதில் ஒட்டுமா?

"நீங்கள் கொடுப்பதை நிறுத்தவில்லையா?" என்று அந்த அம்மையாரிடம் கேட்டேன். "ஒரு மாதம் நிறுத்தினேன். கோபம் எனக்கு அலுவலகத்தின்மேல்தான். இந்த வீடு என்ன தவறு செய்தது?" என்றார். மாதம் 20 டாலர் கொடுக்கிறாராம். அது எதற்குப் போகிறது என்று கேட்டதற்கு, கழிப்பறைத் தாள், மின்கட்டணம், ஒழுகும் குழாய் என்று விரல்விட்டு எண்ணிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. காரணம் இருக்கிறது.

பத்தாண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் ஒரு வாசகசாலை கட்ட நண்பர்கள் ஐவர் பணம் திரட்டினோம். எதிர்பார்த்ததைவிட எளிதாகவே சேர்ந்தது. ஒருவர் சிமெண்ட் தந்தார். ஒருவர் மின்விசிறிகள் தந்தார், இறக்கைதோறும் தம் தந்தையின் பெயரை எழுதி. பளிங்குக் கல்லில் பெயர்கள் பொறித்துத் திறப்பு விழா நடத்தினோம். மின்கட்டணத்துக்கும் நாளிதழ் சந்தாவுக்கும், காலையில் திறந்து இரவில் பூட்டுகிறவரின் சம்பளத்துக்கும் என்ன வழி என்று ஒருவர் கேட்டார். 'பார்த்துக்கொள்ளலாம்' என்றோம். மூன்றாம் ஆண்டில் பூட்டு விழுந்தது. போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த என் மாணவி ஒருத்தி, "ஐயா, சாவி யாரிடம் இருக்கிறது?" என்று ஒருநாள் கேட்டாள். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். சாவி என் மேசை இழுப்பறையில் இருந்தது.

இரவு, இரவச்சம் என்று அடுத்தடுத்து வரும் இரண்டு குறள் அதிகாரங்களையும் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். கட்டடம் கட்டக் கேட்டபோது எனக்கு எந்த அச்சமும் இருக்கவில்லை. கேட்பவனுக்கும் பெருமை, கொடுப்பவனுக்கும் கல்லில் பெயர். மின்கட்டணத்துக்கு மாதம் நூறு ரூபாய் கேட்கத்தான் நாக்கு எழவில்லை. அதை யாரும் கல்லில் பொறிக்கமாட்டார்கள்.

நம் முன்னோர் இதை அறியாதவர்களல்லர். சோழர் காலக் கல்வெட்டுகளைப் புரட்டினால் கோயிலுக்கு விளக்கு அளித்தவர்கள் விளக்கோடு நிற்கவில்லை என்பது தெரியும். ஒரு நந்தாவிளக்குக்குத் தஞ்சைப் பெரிய கோயிலில் 96 ஆடுகள். வேறு பல கோயில்களில் 90. அவற்றை இடையர்களிடம் ஒப்படைத்து, நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். 'சாவா மூவாப் பேராடு' என்பது அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு தரும் பெயர். ஆடு சாகும், மூப்படையும். குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொண்டால் மந்தை சாகாது. கொடையாளியின் பெயரோடு நெய்யின் அளவும் கல்லில் ஏறியது. நாங்கள் விளக்கை மட்டும் செய்துவைத்துவிட்டு நெய்யை மறந்தவர்கள்.

உண்டியலில் 20 டாலர் போட்டுவிட்டு வந்தேன்.

ஊர் திரும்பியதும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மாதம் 8,000 ரூபாய் வேண்டும். நூறு ரூபாய் வீதம் எண்பது பேர். ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்கிறேன். "முன்பு கொடுத்தோமே, அது என்னவாயிற்று?" என்று கேட்காதவர்கள் குறைவு. நியாயமான கேள்வி. இப்போது வரவு செலவை மாதந்தோறும் எழுதிக் கதவில் ஒட்டுகிறோம். இதுவரை முப்பத்தொரு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அந்தப் பணத்துக்கு மாலை வேளைகளில் மட்டும் திறக்க முடிகிறது.

சாவி கேட்ட அந்த மாணவி படிப்பை முடித்து எப்போதோ ஊரைவிட்டுப் போய்விட்டாள்.