சூரியன் ஆறு மாசம் லேட்!

தாத்தாவுக்குப் பெரிய மீசை. ஊரே வீரம் என்று நினைத்தது. உள்ளே இருந்தது பிறவியிலேயே பிளந்த மேலுதடு. அப்பாவை விட்டுவிட்டு அது எனக்கு வந்தது. எனக்குத் தையல் போட்டார்கள். தழும்புக்கு மேல் நானும் மீசை வளர்த்தாயிற்று.

காரணம்? கொள்ளுப்பாட்டி கிரகணத்தன்று பூசணிக்காய் நறுக்கினாளாம். என் விஷயத்தில், அம்மா ஊசியில் நூல் கோத்தாளாம். ஆக, குற்றவாளி எப்போதும் வீட்டுக்கு வந்த மருமகள்தான். மீசைக்காரர்களை ஒருத்தரும் விசாரித்ததில்லை சார்!

2020 பிப்ரவரியில் என் மகள் அதே உதட்டோடு பிறந்தாள். “கிரகணத்தன்னிக்கு மொட்டை மாடிக்குப் போனா இல்ல, அதான்!” என்று உறவுக்கூட்டம் தீர்ப்பு சொல்லிவிட்டது. 2019 டிசம்பர் 26, திண்டுக்கல்லில் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்த நாள். பிரசவ வலியில்கூட அழாத என் மனைவி, அன்றைக்கு அழுதாள்.

நான் பி.காம். தேதிக் கணக்கு பார்க்காமல் விடுவேனா? கரு உண்டான ஏழு வாரத்துக்குள் மேலுதட்டின் துண்டுகள் ஒட்டிவிட வேண்டும். ஒட்டாவிட்டால் பிளவு. வேறு காரணங்களும் உண்டு. பல குடும்பங்களில் வழிவழியாகவும் வரும். கிரகணத்தின்போது என் மனைவிக்கு எட்டாம் மாசம். சூரியன் ஆறு மாசம் லேட்!

குழந்தைக்கு ஊரடங்கு தளர்ந்தபின் தைத்தார்கள். இப்போது நன்றாகவே விசில் அடிக்கிறாள்.

கணக்கை அம்மாவிடமும் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை.

“அப்ப நான் ஊசி கோத்ததால இல்லையாடா?”

அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.