ஒரு கணக்கும் ஒரு கடிதமும்

நம்முடைய பழைய மாணாக்கன் ஒருவன் அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாகாணத்தில் எஞ்சினீயராக இருக்கிறான். இருபது வருஷத்துக்கு முன் பத்தாம் வகுப்பில் நம்மிடம் கணக்குப் படித்தவன். 2022 ஏப்ரலில் அவன் ஒரு கடிதத்தின் நகலை நமக்கு அனுப்பி வைத்தான். கடிதம் நமக்கு எழுதியதன்று. அந்த நாட்டுப் பங்குத் தரகர்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா என்னும் ஸ்தாபனத்துக்கு எழுதியது. "அதிகாரிகளுக்கு நான் எழுதிய முதல் ஆட்சேபக் கடிதம் இது, ஸார். தாங்கள் அவசியம் படிக்க வேண்டும்" என்று குறிப்பு வேறு.

விஷயம் இதுதான். அமெரிக்கச் சந்தையில் 2006 முதல் இரட்டிப்பு நிதிகளும், 2008 முதல் மும்மடங்கு நிதிகளும் விற்பனையாகின்றன. குறியீட்டெண் ஒரு நாளில் ஒரு சதவீதம் ஏறினால் மும்மடங்கு நிதி மூன்று சதவீதம் ஏறும். இறங்கினால் மூன்று சதவீதம் இறங்கும். இத்தகைய சிக்கலான சரக்குகளைச் சாமான்ய ஜனங்கள் வாங்குவதற்கு இப்போதுள்ள விதிகள் போதுமா, வாங்குகிறவருக்கு விஷயம் தெரியுமா என்று முன்னதாகச் சோதிக்க வேண்டாமா என்று ஃபின்ரா 2022 மார்ச் 8-ந் தேதி அறிவிப்பு வெளியிட்டு, பொது ஜன அபிப்பிராயத்தைக் கேட்டது. கேட்டதுதான் தாமதம், ஆட்சேபக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. எங்கள் பணம், எங்கள் இஷ்டம். பகிரங்கச் சந்தையில் விற்கும் சரக்கை வாங்கப் பரீட்சை எதற்கு என்பதே அவற்றின் சாரம்.

பல கடிதங்களில் வாசகம் ஒன்றாகவே இருந்தது. நம் மாணாக்கனின் கடிதமும் அந்த அச்சில் வார்த்ததுதான் என்பது இரண்டாவது வரியிலேயே நமக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்கு அவ்வளவு கோவையாக எழுத வராது. ஆயினும் இரவல் வாசகம் என்பதால் கோபமும் இரவல் என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கடிதங்களுக்குப் பலமும் உண்டு. 2019 நவம்பரில் சர்க்காரின் எஸ்.இ.ஸி. கமிஷனே இதே போன்ற சோதனை விதி ஒன்றைப் பிரேரேபித்து, ஆட்சேபங்களுக்குப் பின் 2020 அக்டோபரில் அதைக் கைவிட்டது.

முதலில் நாம் அவன் கட்சியில்தான் இருந்தோம். சில வருஷங்களுக்கு முன் ஒரு பாங்கியில் பரஸ்பர நிதியைப் பற்றி விசாரிக்கப் போனோம். அங்கிருந்த உத்தியோகஸ்தர் நம் சட்டைப் பையில் இருந்த சாக்பீஸைப் பார்த்துவிட்டு, "வாத்தியாருக்கு இதெல்லாம் எதற்கு, டெபாஸிட் போடுங்கள்" என்றார். அவர் சொன்ன யோசனை நல்ல யோசனையாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனம் எரிந்தது இன்னும் நினைவிருக்கிறது. 'உங்களுக்குப் பக்குவம் போதாது' என்ற வாதத்தை நம் நாட்டார் கேட்காததா? 1935-ம் வருஷச் சட்டத்தில் வோட்டுப் போடவே சொத்தும் படிப்பும் அல்லவா கேட்டார்கள்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைத் தொலைபேசியில் அழைத்தோம். கடிதத்தைப் புகழ்ந்துவிட்டு, பழைய வழக்கப்படி ஒரு கணக்குப் போட்டோம்.

"குறியீட்டெண் 100. இன்று 10 சதவீதம் ஏறுகிறது. நாளை 10 சதவீதம் இறங்குகிறது. மிச்சம் என்ன?"

"99, ஸார்."

"உன் மும்மடங்கு நிதியில் 100 டாலர் போட்டிருந்தால்?"

"97" என்றான் உடனே.

"போட்டுப் பார், அப்பா."

100 டாலர் முதல் நாள் 130 ஆகும். மறுநாள் அந்த 130-இல் 30 சதவீதம், அதாவது 39 போய்விடும். மிச்சம் 91. அடுத்தடுத்த இரண்டு நாளும் ஏறினால் இதே கணக்கு அவனுக்குச் சாதகமாகத் திரும்பும் என்பதையும் சொல்ல வேண்டும்: குறியீட்டெண் 121 ஆகும்போது நிதி 169 ஆகும். ஏறியும் இறங்கியும் அலைகிற சந்தையில்தான் நிதி தேய்கிறது. மும்மடங்கு என்பது நாளுக்கு நாள் போடும் கணக்கு. வருஷத்துக்குச் சேர்த்துப் போடும் கணக்கன்று.

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, மகளின் கல்லூரிப் படிப்புக்கென்று சேர்த்த பணத்தில் ஒரு பகுதி அந்த நிதியில் இருப்பதாகச் சொன்னான். நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனுக்குச் சதவீதம் கற்பித்தவர் நாமே அல்லவா?

"அப்படியானால் பரீட்சை வைப்பதில் என்ன தப்பு?" என்றோம்.

"இங்கே அநேகமாக எல்லா மாகாணங்களிலும் சர்க்காரே லாட்டரிச் சீட்டு விற்கிறது, ஸார். அதை வாங்க யாராவது கணக்குக் கேட்கிறார்களா?"

இதற்கு நம்மிடம் பதிலில்லை, இன்றைக்கும் இல்லை.

எனினும், பணத்தைக் கேட்பது வேறு, கணக்கைக் கேட்பது வேறு என்றே நமக்குத் தோன்றுகிறது. அதே நாட்டில் தனியார் நிதிகள் பலவற்றில் சேர, குடியிருக்கும் வீடு நீங்கலாகப் பத்து லட்சம் டாலர் சொத்தோ, வருஷத்துக்கு இரண்டு லட்சம் டாலர் வருமானமோ வேண்டும் என்று விதி இருக்கிறது. 2020-ல் சில தொழில் பரீட்சைகளில் தேறியவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். பணமுள்ளவன் புத்தியுள்ளவன் என்பது என்ன நியாயம்? அதை எதிர்த்து நம் மாணாக்கன் ஆயிரம் கடிதம் எழுதட்டும். நாமே கையெழுத்துப் போடுவோம். ஆனால் '130-இல் 30 சதவீதம் எவ்வளவு?' என்று கேட்பதை அவமதிப்பு என்று ஓர் உபாத்தியாயர் எப்படி ஒப்புக்கொள்வார்? விற்கிற தரகரே பரீட்சையும் வைத்தால், ஓட்டல்காரரே சாப்பாட்டுக்குச் சான்று கொடுப்பது போல் ஆகிவிடும் என்பதும் மெய்தான்.

அவன் விற்கவில்லை. அந்த வருஷம் நாஸ்டாக் 100 குறியீட்டெண் ஏறக்குறைய 33 சதவீதம் விழுந்தது; அதன் மும்மடங்கு நிதி 79 சதவீதம் விழுந்தது. 2023 முடிவில் குறியீட்டெண் பழைய நிலையைச் சற்றே தாண்டிவிட்டது. நிதியோ பழைய மதிப்பில் ஏறக்குறைய 60 சதவீதத்தில் நின்றது.

2023 ஜனவரியில் அவனே அழைத்தான். "அன்றைக்குப் பரீட்சை வைத்திருந்தால் நான் தேறியிருக்க மாட்டேன், ஸார். ஆனாலும் கடிதத்தை வாபஸ் வாங்கமாட்டேன்" என்றான். மகள் படிப்பைப் பற்றி அவனும் பேசவில்லை; நாமும் கேட்கவில்லை.

மறுநாள் பத்தாம் வகுப்பில் அந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதினோம். முப்பத்தொரு பேரில் நான்கு பேர் 91 என்று எழுதியிருந்தார்கள். பதினெட்டுப் பேர் 97. பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, சதவீதத்தை முதலிலிருந்து ஆரம்பித்தோம்.