தலையில் ஒற்றை முடி

ஜப்பான், கொரியா, சீனா என்று கிழக்காசியச் சித்திரக்கதைகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் முதலில் கண்ணுக்குத்தான் போவார்கள். ஜப்பான்காரர்கள் ஏன் இவ்வளவு பெரிய கண்ணாக வரைகிறார்கள்? பதில் இருக்கிறது, கேட்பவர் எதிர்பார்க்கிற பதில்தான் இல்லை. அந்தப் பெரிய கண்ணைப் பரப்பிய சித்திரக்கதைக்காரர் ஒசாமு தெசுகா சிறுவயதில் வாய்பிளந்து பார்த்தது டிஸ்னி படங்களை. வளர்ந்தது தகராசுகா என்ற ஊரில். பெண்கள் மட்டுமே நடிக்கும் புகழ்பெற்ற நாடகக் குழு அந்த ஊருடையது. கடைசி வரிசைக்காரருக்கும் முகபாவம் தெரிய வேண்டும் என்பதற்காக நடிகைகள் கண்ணைச் சுற்றி மை தீட்டிப் பெரிதாக்கிக்கொள்வார்கள். அம்மாவோடு போய் அந்த நாடகங்களைப் பார்த்தவர் தெசுகா. ஆக, பாதி அமெரிக்க சினிமா, பாதி உள்ளூர் மேடை. இதில் ஜப்பானின் ஆன்மாவை எங்கே போய்த் தேடுவது?

எனக்கென்னவோ கண்ணைவிட முடிமேல்தான் கண். மூன்று நாட்டுச் செய்தித்தாள்களிலும் எண்ணிவிடக்கூடிய அளவு முடியோடு ஆளுக்கொரு பாத்திரம் உலவியிருக்கிறது.

சீனத்துச் சான்மாவுக்கு மூன்று முடி. ஜாங் லெபிங் 1935இல் அவனை ஷாங்காய் நகரத்துக் குறும்புக்காரப் பையனாகத்தான் வரைய ஆரம்பித்தார். போர் வந்தது, போனது. ஒரு குளிர்கால இரவில் தெருவோரம் மூன்று குழந்தைகள் ஒண்டிக்கொண்டு நெருப்புக் காய்வதைப் பார்த்தாராம். மறுநாள் காலை அதே வழியாக வந்தபோது இரண்டு பேர் விறைத்துக் கிடந்தார்கள் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1947இல் தொடங்கிய தொடரில் சான்மாவ் அநாதை. பசி, அடி, திருட்டுக்கு இழுக்கும் கும்பல், கண்ணாடிக்கு அந்தப்புறம் கேக் தின்னும் பணக்காரப் பிள்ளைகள். பெரும்பாலும் வசனமே கிடையாது. எழுத்தறியாதவர்களும் அதைப் 'படித்தார்கள்'. விலா எலும்பு தெரியும் அந்த உடம்பின் மேல் பெரிய தலை, அதில் அந்த மூன்று முடி.

ஜப்பானிய நமிஹெய்க்கு உச்சந்தலையில் ஒன்றே ஒன்று. மச்சிகோ ஹசெகாவா 1946இல் தொடங்கிய 'சசாயே-சான்' நான்கு கட்டப் படக்கதையில் வரும் வீட்டுப் பெரியவர் அவர். அமெரிக்கப் படை நாட்டை ஆண்டுகொண்டிருந்த, அரிசி பங்கீட்டில் கிடைத்த காலம். கதையோ ஒரு கூட்டுக் குடும்பத்தின் சில்லறைச் சண்டைகளையும் சிரிப்பையும் விட்டு அதிகம் விலகாது. ஹசெகாவா வாழ்ந்த தோக்கியோவின் சகுரா-ஷின்மச்சி நிலையத்தருகே 2012இல் அந்தக் குடும்பத்துக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். கொஞ்ச நாளில் நமிஹெயின் ஒற்றை முடியை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். புதிதாக நட்டார்கள், அதையும் பிடுங்கினார்கள். நாடே சிரித்தது, வருத்தமும் பட்டது.

கொரியாவின் கோபாவ் தாத்தாவுக்கும் ஒற்றை முடிதான். ஆனால் அது சும்மா இருக்காது. அவர் மனநிலைக்கேற்ப நிமிரும், வளையும். 1950இல் போர் நடுவே சியோலில் ஒளிந்திருந்தபோது கிம் சொங்-ஹ்வான் மனதில் பிறந்தவர் இவர். வாயைத் திறந்தால் ஆபத்து என்ற ஊரில் முடி பேசியது என்று நான் நினைத்துக்கொள்வேன். முடி மட்டும் பேசியிருந்தால் பிரச்சினை இல்லை. ஜனாதிபதி சிங்மன் ரீயின் வளர்ப்பு மகன் நான்தான் என்று புளுகி ஒரு இளைஞன் அதிகாரிகளையெல்லாம் கும்பிட வைத்த கூத்து 1957இல் நடந்தது. அடுத்த ஜனவரியில் கிம் ஒரு கதை வரைந்தார். மலக்கூடை சுமக்கும் தொழிலாளிகள் எதிரே வரும் இன்னொரு மலக்கூடைக்காரரைப் பார்த்து இடுப்பு ஒடியக் குனிகிறார்கள். யாரப்பா அவர் என்றால், ஜனாதிபதி மாளிகையில் மலம் அள்ளுகிறவராம். கிம்மைப் பிடித்து விசாரித்து அபராதம் போட்டார்கள். அவர் நிறுத்தவில்லை. 2000 வரை, 14,139 கதைகள்.

மூன்றும் ஏறக்குறைய ஒரே காலம், ஒரே போர்களின் பின்விளைவு. கோடுகூட ஒன்றுபோலத்தான் இருக்கிறது. வேறுபடுவது, படிக்கிறவருக்கு எது கிடைக்கவில்லை, எதற்குப் பயந்தார் என்பதுதான். பண்பாடு என்று நாம் சொல்லும் பெரிய சொல்லை இந்த அளவுக்குச் சிறிதாக்கிப் பார்ப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அப்படியே இன்னொன்றையும் கேட்கத் தோன்றும்: எங்கே உட்கார்ந்து படித்தார்கள்?

சீனாவில் நடைபாதை பெஞ்சில். உள்ளங்கையளவுப் புத்தகம், பக்கத்துக்கு ஒரே படம், அடியில் இரண்டு வரி. சில்லறையைக் கொடுத்து அங்கேயே படித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டியிருந்தது. இந்த அளவுக்குள் ஓவியர் ஹே யோவ்ஜி செய்ததைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றுபோனவர். 1960 வாக்கில், ஹுனான் மாநிலத்து மலைக்கிராமம் ஒன்று கூட்டுப்பண்ணையாக மாறும் நாவலைப் படமாக்கும் வேலை அவருக்கு வந்தது. அரசு சொல்ல விரும்பிய கதை, சந்தேகமே இல்லை. முதலில் ஒளியும் நிழலுமாக வரைந்து பார்த்தார், சரிப்படவில்லை. பழைய மரச்செதுக்குப் படங்களின் கோட்டுக்குத் திரும்பினார். நிழல் கிடையாது, வெறும் கோடு. ஆட்கள் தலை முதல் கால் வரை தெரிவார்கள், ஓபரா மேடையில் நிற்பதுபோல. அந்தக் கோட்டில் பானை, முக்காலி, மூங்கில் கூடை, திண்ணையில் சாய்ந்திருக்கும் கிழவரின் சோம்பல் எல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டன. கூட்டுப்பண்ணை போய்விட்டது, முக்காலி இருக்கிறது.

ஜப்பானில் ரயிலில். தொலைபேசி டைரக்டரி கனத்தில் வாரப் பத்திரிகை, மட்டக் காகிதம், கறுப்பு மை. படித்துவிட்டுத் தூக்கிப் போடலாம். 'ஷோனென் ஜம்ப்' 1990களின் நடுவில் வாரத்துக்கு 65 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. இதழோடு வரும் அஞ்சலட்டையில் வாசகர்கள் பிடித்த கதைகளைக் குறித்து அனுப்புவார்கள். ஓட்டு விழாத தொடருக்குச் சீக்கிரமே மூடுவிழா. பாய்ந்து ஓடும் வேகக் கோடுகளும், பக்கத்தைப் புரட்டியதும் முகத்தில் அறையும் படமும் எங்கிருந்து வந்தன என்று இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

கொரியாவில் முதலில் வாடகைக் கடையில், நம் லெண்டிங் லைப்ரரி மாதிரி. காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று குவித்துப் போட்டு எரித்த காலமும் அங்கே உண்டு. 1997 பொருளாதார நெருக்கடியில் பதிப்புத் தொழில் தடுமாற, பிராட்பேண்ட் வீட்டுக்கு வீடு வர, கதைகள் திரைக்குப் போயின. 2003இல் டவும் தளத்தில் காங் புல் ஒரு காதல் கதையை மேலிருந்து கீழாக ஓடவிட்டார். பக்கம் என்பதே ஒழிந்தது. தாம்பரம் ரயிலில் என் அக்கா மகள் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போவதை எட்டிப் பார்த்தேன். ஒரு பெண் கண்ணீரோடு திரும்புகிறாள், கீழே ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை, இன்னும் வெள்ளை. "என்னடி, நெட் போச்சா?" என்றேன். "இல்ல மாமா, அவ யோசிக்கிறா" என்றாள்.

இந்த மூன்று நாட்டுக்கும் பொதுவான ஒரு விளையாட்டு உண்டு, கறுப்பு வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் 'கோ'. பிறந்தது சீனாவில். ஜப்பானில் யுமி ஹொத்தா எழுத, தகேஷி ஒபாதா வரைய, 'ஹிகாரு நோ கோ' ஜம்ப் இதழில் வந்தது. தாத்தா வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய பலகையிலிருந்து ஒரு பழங்கால அரசவை ஆட்டக்காரரின் ஆவி கிளம்பி, பள்ளிப் பையனுக்கு ஆட்டம் கற்றுக்கொடுக்கிறது. போட்டியாளன், பயிற்சி, அடுத்த படி, அடுத்த படி. பலகைப் பக்கமே போகாத ஜப்பானியப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக விளையாட வந்தார்கள். 2020இல் சீனர்கள் அதைத் தொடர்நாடகமாக எடுத்தபோது ஆவியைத் தெற்கு லியாங் வம்சத்துக்காரராக்கிக் குடியுரிமையை மாற்றிவிட்டார்கள். அவர்கள் நாட்டு ஆட்டம்தானே.

கொரியாவின் யூன் தே-ஹோ 2012இல் தொடங்கிய 'மிசெங்' தொடரில் ஆவி கிடையாது. அதன் நாயகன் ஜங் கு-ரே, தொழில்முறை கோ ஆட்டக்காரனாக வேண்டும் என்று சிறுவயதிலிருந்து உழைத்துத் தோற்றவன். பட்டமும் இல்லை, வேறு தொழிலும் தெரியாது. சிபாரிசில் ஒரு வர்த்தக நிறுவனத்துக்குள் நுழைகிறான். ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் கொரியாவின் சோ ஹுன்-ஹியுன் 1989 இறுதிப் போட்டியில் சீனாவின் நியே வெய்பிங்கை வென்ற ஆட்டத்திலிருந்து ஒரு நகர்வு. அந்தச் சோவும் ஜப்பானில் போய்க் கற்றவர்தான். கீழே நடப்பதோ ஒளிநகல் எடுப்பது, கோப்பு அடுக்குவது, மேலாளர் முகம் பார்த்து நிற்பது. எவ்வளவு நன்றாகச் செய்தும், ஒப்பந்தம் முடிந்ததும் அவனை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். மூன்றில் எனக்கு இதுதான் நெருக்கம்.

2014இல் அது தொலைக்காட்சித் தொடராகி வீடு வீடாகப் போனது. அந்த ஆண்டுக் கடைசியில் கொரிய அரசு, 35 வயதைக் கடந்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் காலவரம்பை 2 ஆண்டிலிருந்து 4 ஆண்டாக நீட்டலாம் என்று திட்டம் கொண்டுவந்தபோது, அதற்கு 'ஜங் கு-ரே சட்டம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நிரந்தர வேலை கேட்டால் தற்காலிகத்தையே இரட்டிப்பாக்கித் தருகிறீர்களா என்று தொழிற்சங்கங்கள் கொதித்தன. வரைந்தவரும் அதை ஏற்கவில்லை.